உறையாமல் ஓடிய டீசல்

என் ஷீபாக் குட்டிக்கு,

இன்றைக்கு நான் கத்திவிட்டேன். சந்தோஷத்தில். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

மறைமலை நகர் ஃபேக்டரியில் எங்கள் குளிர் அறை உனக்குத் தெரியும். டீசலில் பயோடீசலைக் கலந்து, குளிர வைத்து, ஜாடியைச் சாய்த்துப் பார்க்கிற வேலை. குளிர் ஏற ஏற, டீசலுக்குள் இருக்கும் மெழுகு முதலில் புகை மாதிரி கலங்கும். பிறகு வலை பின்னிக்கொண்டு மொத்தத்தையும் நிறுத்திவிடும். சாய்த்தாலும் அசையாது. போன மழையில் டெங்கு உன்னைக் கொண்டுபோனதிலிருந்து நான் செய்த ஒவ்வொரு கலவையும் அப்படித்தான் நின்றது. "மச்சான், ஜெல்லி ரெடி. ஸ்பூன் எடுத்துட்டு வா" என்பான் கூட வேலை செய்யும் செல்வம். நான் சிரிக்க மாட்டேன்.

இன்றைக்குச் சாய்த்தேன். ஓடியது. "ஓடுதுடா!" என்று கத்திக் கை தட்டினேன். மேனேஜர் உடனே, "அப்ப லடாக்ல வண்டியில ஊத்தியே பாத்துடலாம். யாரு போறீங்க?" என்றார்.

"நான் போறேன் சார்." வாய் முந்திக்கொண்டது.

அப்புறம்தான் நீ ஞாபகம் வந்தாய். பனியைத் தொட்டுப் பார்க்கணும் என்று நீ கேட்டபோதெல்லாம் லீவு இல்லை என்றவன் நான். அதைவிட, அந்த நிமிஷம் நீ இல்லை என்பதே எனக்கு நினைவில் இல்லை. எப்படி, ஷீபா?

தாம்பரம் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பம்மலுக்கு, உன் அம்மாவிடம் போனேன்.

"வேலையா வடக்க போறேன் அத்தை."

"பனி இருக்கற எடமா?"

தலையாட்டினேன்.

"இதுல ஒளிக்க என்ன இருக்கு மாப்ள? அவ போயிட்டான்னு நீங்களும் ஃப்ரிட்ஜுக்குள்ளயே உக்காந்துக்கப் போறீங்களா?"

"அதில்ல அத்தை. இன்னைக்கு நான் சந்தோஷமா இருந்தேன்."

காபி டம்ளரை என் முன்னால் வைத்தார். "எவ்ளோ நேரம்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"அவ்ளோதானா?"

அழுதது அவர்தான். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

போகிறேன், ஷீபா. இந்த உறுத்தல் என்னோடுதான் மலையேறும். அதை இறக்கிவைக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் பனி நன்றாக இருந்தால், நன்றாக இருந்தது என்றே வந்து சொல்வேன். உன் அம்மாவிடமும், உன்னிடமும். மறைக்க மாட்டேன்.

அத்தைக்கு இன்னமும் மாப்பிள்ளையாகவே இருக்கிற,
உன் டேவிட்