கறுப்பின் மேல் கறுப்பு நூல்

3 பிப்ரவரி 2025, திங்கள்

ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தபோது கீழ் வீட்டு மெஹ்ரீன் மாடிப்படியில் காத்திருந்தாள். கையில் நான்கு அபாயாக்கள், கழுத்திலிருந்து கால்வரை மூடும் அங்கிகள். அவள் தைத்தவை. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் பூவேலை.

"அக்கா, போன்ல எடுத்தா குடைத்துணி மாதிரி இருக்கு. பூவே தெரியல. உங்ககிட்ட பெரிய கேமரா இருக்குல்ல?"

அடுத்த மாதத் தொடக்கத்தில் ரமலான். அதற்கு முந்தைய இந்த வாரங்களில்தான் அவளுக்கு வருடத்தின் பாதி விற்பனை. எடுத்துக் கொடுத்தேன்.

பெரிய கேமராவிலும் குடைத்துணிதான்.

5 பிப்ரவரி, புதன்

புகைப்படம் திருத்தும் மென்பொருள் ஒன்றை லேப்டாப்பில் இறக்கினேன். ஏழு நாள் இலவசம், பிறகு சந்தா. கார்டு எண் கேட்டது. கொடுப்பதற்குள் இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

நிழலில் கிடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர ஒரு பட்டை இருக்கிறது. அதை வலப்பக்கம் நகர்த்த நகர்த்த, கைப்பகுதியில் ஒளிந்திருந்த கொடி ஒவ்வொரு இலையாக வெளியே வந்தது. உண்மையிலேயே அழகு.

மெஹ்ரீனின் போனுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் படியேறி வந்துவிட்டாள். "ஐயோ அக்கா, இது நான் தச்சதா?"

உட்கார்ந்து தேநீர் குடித்தாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு: "நாம சேர்ந்தே பண்ணலாமா? ஒரு வருஷம் பாப்போம். தையல் என்னுது. படம், கஸ்டமர்கிட்ட பேசுறது உங்களுது. வர்றதுல பாதிப் பாதி."

யோசிக்கிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் நான் சொல்லும் பதில் அது.

6 பிப்ரவரி, வியாழன்

மாதச் சந்தாவைவிட வருடச் சந்தா மலிவு. ஆனால் நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கும் ஒரு பங்கு கட்ட வேண்டுமாம். நிபந்தனைகளை முழுக்கப் படித்தேன். இதை வேறு யாராவது முழுக்கப் படித்திருப்பார்களா என்று சந்தேகம்.

மாதமா, வருடமா? மாதம் என்றால் எப்போது வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம். வருடம் என்றால் மெஹ்ரீனுக்குச் சரி என்று சொன்னதாக அர்த்தம். நான் கணக்குப் போடுவது மென்பொருளுக்காக இல்லை என்று எனக்கே தெரிகிறது.

பதினெட்டு வருடம் கல்லூரியில் இயற்பியல் எடுத்தேன், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில். ஒரு மே மாதம் புதுப்பிக்கும் மின்னஞ்சல் வரவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வருடம் என்று யார் சொன்னாலும் எனக்குள் ஏதோ கதவைச் சாத்திக்கொள்கிறது.

துபாயிலிருந்து தம்பி டெனிஸ் பேசினான். "எதுக்குக்கா காசு கட்டுற? கிராக் பண்ணது என்கிட்ட இருக்கு, லிங்க் அனுப்புறேன்." வேண்டாம் என்றேன். "நீ மாறவே மாட்ட" என்றான். பாராட்டு இல்லை.

11ஆம் தேதிக்கு இரண்டு அலாரம் வைத்தேன். 12ஆம் தேதி பணம் எடுத்துவிடுவார்கள்.

7 பிப்ரவரி, வெள்ளி

மெஹ்ரீன் படத்தை ஸ்டேட்டஸில் போட்ட இரண்டு நாளில் ஐந்து ஆர்டர். போன மாதம் முழுக்க இரண்டுதான் என்றாள். முதல் ஆர்டர் படப்பையில் இருக்கும் ஜெய்னப் என்பவருக்கு. வண்டி சீட் கவர் கடை வைத்திருக்கும் மெஹ்ரீனின் கணவர் ஜாகிர் வேலையாக அந்தப் பக்கம் போனவர், கையோடு கொடுத்துவிட்டு வந்தார். போகும்போது மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "அக்கா, என் கடை சீட் கவரையும் இப்படி மின்ன வைங்களேன்!"

சிரித்தேன். எனக்கே ஆச்சரியம்.

8 பிப்ரவரி, சனி

ஜெய்னப் கூப்பிட்டார். மெஹ்ரீன் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா, கறுப்பா கீது? சாம்பல் கலர்னு தானே காசு போட்டேன்? கறுப்பு என்கிட்ட ஏழு கீது!"

புரியவில்லை. படத்தைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புரிந்தது. பூ தெரிவதற்காக நிழலைத் தூக்கினேனே, கறுப்பும் கூடவே ஏறியிருக்கிறது. படத்தில் இருப்பது நல்ல சாம்பல் நிறம். அப்படி ஒரு அபாயா எங்கேயும் இல்லை.

ஒளியியல் பாடம் எடுத்தவள் நான். மாடியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு முறை — ஒரே ஒரு முறை — கீழே இறங்கி, துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு இதெல்லாம் தேவையா? சும்மா கெடந்திருக்கலாம்ல? ரமலான் நேரத்துல அவ பேரையும் கெடுத்துட்டு —

"நிறுத்திடலாம் மெஹ்ரீன். அந்தப் படத்தையெல்லாம் எடுத்துடு. மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபம்தான், ஆனால் வேறு விஷயத்துக்கு. "படம் எடுத்தது நீங்க. ஸ்டேட்டஸ்ல போட்டது நான். எனக்குக் கண்ணு இல்லையா? பூ தெரியுதுன்ற சந்தோஷத்துல நானுந்தான் பாக்கல. நீங்க பாட்டுக்கு மேல போயிட்டா மத்த நாலு பேருக்கு யாரு போன் பண்றது?"

9 பிப்ரவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நானே கூப்பிட்டேன், நான்கு பேரையும். முன்பின் தெரியாதவர்களோடு போனில் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று மெஹ்ரீனுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியதை முதலில் காகிதத்தில் எழுதிக்கொண்டேன்: படத்தில் தவறு, துணி கறுப்பு, வேண்டாம் என்றால் பணம் திரும்பி வரும்.

இருவர், கறுப்புதானே, பரவாயில்லை என்றார்கள். மற்ற இருவருக்கும் சாம்பல்தான் வேண்டுமாம். ஒருவர், "அப்ப அந்தக் கலர்லயே தச்சுக் குடுங்களேன்!" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று அதைக் காகிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

மெஹ்ரீனிடம் சொன்னேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, கடையில இல்லாத கலர நீங்க வித்துட்டீங்க!"

10 பிப்ரவரி, திங்கள்

முதல் ரயிலிலேயே வண்ணாரப்பேட்டை போய்ச் சாம்பல் துணி வாங்கி வந்திருக்கிறாள். மூன்று பேருக்கு — ஜெய்னப்பும் மாற்றிக்கொள்கிறார். என் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோக முடியாததால், படத்தைப் போனில் வைத்துக்கொண்டு துணிச் சுருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாளாம். கடைக்காரர் முறைத்தாராம்.

என் பொய்யை அவள் தைத்து உண்மையாக்குகிறாள். இது சரியா? தெரியவில்லை. ஆனால் கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைக்கிறது.

பத்து மணிக்கு அவள் வீட்டு முன்னறை ஜன்னலில் வெயில் சாய்வாக விழுகிறது. கறுப்பு அபாயாவை அதில் பிடிக்கச் சொன்னேன். நூல் மட்டும் மினுங்கியது. துணி கறுப்பாகவே இருந்தது. பூ தெரிவதற்கு மென்பொருளே வேண்டாம் போலிருக்கிறது. எடுத்த படம் மட்டும் திரையில் கொஞ்சம் நீலம் பாய்ந்து வந்தது. லேப்டாப்பைக் கீழேயே வைத்து, துணியைப் பக்கத்தில் தொங்கவிட்டு, நீலத்தைக் குறைத்துக் குறைத்து, கறுப்பைக் கறுப்பாக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அதற்கு மென்பொருள் வேண்டும்.

11 பிப்ரவரி, செவ்வாய்

இரண்டு அலாரமும் அடித்தன. முதலாவது அடித்தபோது ரத்து செய்யும் பக்கத்தைத் திறந்தேன். 'உறுதியாகவா?' என்று கேட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு எதிலும் எனக்கு உறுதியான பதில் இருந்ததில்லை. எதிலும் சேராமல் வெளியே நின்றுகொள்வதற்குப் பெயர் எச்சரிக்கை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது அடிக்கும்போது மெஹ்ரீன் மேலே இருந்தாள். "என்னக்கா, மாத்திரையா?"

"இல்ல. சும்மா."

அவள் பதிலுக்கு அவசரப்படுத்தவில்லை. ஒரு வருடம் என்று சொன்னதைத் திரும்பச் சொல்லவும் இல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு வெயில் இருக்குமா என்று மட்டும் கேட்டாள்.

12 பிப்ரவரி, புதன்

வருடத்துக்கே கட்டிவிட்டேன்.

12 பிப்ரவரி 2026, வியாழன்

ரமலானுக்கு ஒரு வாரம். வீடு முழுக்கப் பார்சல். சாம்பல் நிறம்தான் இந்த வருடமும் முதலில் தீர்ந்தது.

சந்தா புதுப்பிக்கப்பட்டது என்று காலையில் மின்னஞ்சல். இன்னொரு வருடத்துக்குப் பணம் போய்விட்டது. இந்த முறை அலாரம் வைக்கவே தோன்றவில்லை. மெஹ்ரீனிடம் சொல்லலாம் என்று கீழே இறங்கினேன்.

"அக்கா, வெயில் போகுது! அந்த முனையப் பிடிங்க."

பிடித்தேன். சொல்ல மறந்துவிட்டது.