அடுத்தவர் பயணி

ஏப்ரல் 8, செவ்வாய்

பேஜா நகர உயர்நிலைப் பள்ளியின் ஏகச் சக்கரவர்த்தி, அரபு ஆசிரியன் திஜானியாகிய நான், இன்று முப்பத்தொரு மாணவர்களையும் அரக்கனின் உப்புக்கோட்டைக்கு அனுப்பிவைத்தேன், காகிதத்தில்தான். ஆளுக்கொரு பயணி, எல்லோரும் சேர்ந்து ஒரே கதையை எழுத வேண்டும். சட்டம் ஒன்றுதான்: அடுத்தவர் பயணிக்காக யாரும் முடிவெடுக்கக் கூடாது.

முதல் ஆற்றிலேயே ஸியெதின் பயணி பயந்து உட்கார்ந்துவிட்டான்.

"தூக்கிட்டுப் போகவா?" என்றாள் ஒமைமா. என் தங்கை மகள்.

"வேணாம்."

"சரி, நகரு. நானும் உட்கார்றேன்."

நான் வடித்த கண்ணீரில் துனிசியாவின் வடபாதி மூழ்கியது.

ஏப்ரல் 25

அடுத்த ஆண்டு எந்தப் பிரிவில் படிப்பது என்று மாணவர்கள் எழுதித்தரும் படிவங்கள் என் மேசைக்கு வந்தன. ஒமைமா 'கணினி' என்று எழுதியிருக்கிறாள். அதுவும் பென்சிலால். இது அவள் கையா, அவள் அப்பன் பெஷீரின் கையா? ஏழு கண்டங்களும் காத்திருக்கும் எழுத்தாளர் அவள்.

ஏப்ரல் 26

அழித்தேன். 'இலக்கியம்' என்று மையால் எழுதி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 3

யாருக்கு எந்தப் பிரிவு என்ற பட்டியல் வந்தது. இரண்டு கிலோ மக்ரூத் இனிப்போடு தங்கை வீட்டுக்குப் போனேன். ஒமைமாவின் கண்கள் வீங்கியிருந்தன. யார் மாற்றியது என்றாள். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"இலக்கியம் எடுன்னு சொன்னதே அப்பாதான் மாமா. உங்கள மாதிரி வரணுமாம். ஒரு வாரம் சண்டை போட்டு கணினிப் பிரிவுக்குச் சம்மதம் வாங்கினேன்."

"அப்ப அந்தப் பென்சில்?"

"பேனா தீர்ந்துபோச்சு."

பெஷீர் இனிப்புப் பொட்டலத்தை வாங்கி உள்ளே வைத்தான் — அவ்வளவுதான்.

ஜூலை 21

கல்வி அலுவலகத்தில் நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொடுத்தேன். எதையும் பெரிதாக்காமல். கணினிப் பிரிவு நிரம்பிவிட்டதாம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் உண்டு. அவளுக்கு இடம் இல்லை.

ஜூலை 22

அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஏன்டா கேக்கல?

செப்டம்பர் 18

இலக்கியப் பிரிவில் பதினாலு பேர்தான். கதையை விட்ட இடத்தில் தொடர்ந்தோம். ஸியெதின் பயணி தானாகவே எழுந்து ஆற்றைக் கடந்தான். வகுப்பு கைதட்டியது.

ஒமைமா மூன்றாம் வரிசையில் இருந்தாள். உன் பயணி என்ன செய்யப்போகிறாள் என்று கேட்டேன்.

எழுந்து வந்து, நோட்டை என் மேசையில் மரியாதையாக வைத்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நீங்களே எழுதிடுங்க, மாமா."