மந்திரியின் மூக்கு

ஏங்க,

சாப்பாடு அடுப்புமேல மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. சாயங்காலம் பதிப்பகத்து ஆள் வருவார். மேசைமேல இருக்கிற, குழந்தைகளுக்காக நான் வரைஞ்ச படக்கதையை அவர்கிட்ட கொடுத்துடுங்க. கோபத்துல ஒளிச்சு வச்சிடாதீங்க!

திருட்டு மந்திரிக்கு உங்க மூக்கை வரைஞ்சேன்னுதானே முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறீங்க? நேத்து அதைச் சின்னதாக்கியும் பார்த்தேன். நம்ம பொண்ணு கடைசிவரை புரட்டினா, ஒரு இடத்துலகூடச் சிரிக்கலை. "அப்பா எங்கேம்மா?"ன்னு கேட்டா. பழைய மூக்கையே திரும்ப வச்சுட்டேன்.

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுங்க.

பி.கு.: கடைசிப் பக்கத்துல மை இன்னும் காயலை, தொடாம பாருங்க. வாயைப் பிளந்துக்கிட்டுக் குறட்டை விடுற ராணியைக் காலையிலதான் சேர்த்தேன். யாருன்னு உங்களுக்கே தெரியும். அந்த ஆள் வர்றதுக்குள்ள சிரிச்சு முடிச்சிடுங்க.