இடது பக்கம் இழுத்த வண்டி

சேசு மரி சூசை துணை

செம்மண்டலம்,
கடலூர்.

அன்புள்ள ஜெனிட்டாவுக்கு, அகில உலகச் செம்மண்டலச் சக்கரவர்த்தியாகிய உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கனடா பனியில் நீ கட்டியாகிப் போகாமல் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். சுகம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேன், உன் அம்மா என்னோடு பேசி நான்கு நாளாகிறது. சோறு போடுகிறாள், தட்டை நகர்த்துகிறாள், அவ்வளவுதான். மூன்று ஜில்லாவுக்குக் கேட்கும் குரல் அடங்கிப்போனதில் தெரு நாய்களே பயந்து கிடக்கின்றன. எல்லாம் உன் அப்பாவின் வண்டியால் வந்தது.

டிசம்பரில் வந்து ஓட்டுவேன் என்று நீ சொன்னாயே, அதற்காக மெக்கானிக் காத்தவராயனைக் கூப்பிட்டு, அந்தக் கூரையில்லாத ரெண்டு சீட்டு இங்கிலீஷ் காரின் பாடியைப் பட்டாபிஷேக மரியாதையோடு சங்கிலி போட்டுத் தூக்கினோம். அடியில் சேசிஸ், அதாவது மொத்த வண்டியையும் தாங்கும் இரும்புச் சட்டம், உப்புக்காற்று தின்று அப்பளமாயிருந்தது. உதிர்ந்த துருவைக் கூட்டி அள்ளினால் இன்னொரு கார் செய்யலாம். காத்தவராயன் மூன்று வழி சொன்னான். இங்கிலாந்திலிருந்து புதுசு வரவழைக்கலாம், அது கப்பலில் வந்து சேர்வதற்குள் உன் பேரனுக்குத் தலை நரைத்துவிடும். சிதம்பரத்தில் இதே மாதிரி வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், அதன் சேசிஸ் தண்டவாளம் போல நேராயிருக்கிறது, ஆனால் அதில் அடித்திருக்கும் நம்பர் வேறு, ஆர்டிஓ ஆபீசில் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் பழசையே ஒட்டுப்போட்டு நிமிர்த்துவது. "அப்பா தொட்ட இரும்பு எதையும் தூக்கிப் போட்றாதீங்க மாமா" என்று நீ போனில் சொன்னதால் பழசே இருக்கட்டும் என்றேன். அதை நிமிர்த்த வேண்டுமே என்று காத்தவராயன் மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடித்து அளந்தான். ஒரு பக்கம் கட்டைவிரல் அகலம் குறைந்தது. "இது துரு இல்லண்ணே, எதுலயோ மோதியிருக்கு. வண்டி இடது பக்கம் இழுத்துக்கிட்டே போயிருக்குமே" என்றான். உன் அம்மா காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றாள்.

மோதியது நான். 2009இல் உன் அப்பா வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்த வாரம், கேட்காமல் சாவியை எடுத்து, சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்கு மகாராஜா பவனி போனேன். திரும்பும்போது புதுச்சத்திரம் பக்கம் ஆட்டுக்குட்டி குறுக்கே வர, மதகுச் சுவரில் சாத்திவிட்டேன். அவர் வருவதற்குள் பம்பரை மாற்றிப் பெயிண்ட் அடித்து நிறுத்திவிட்டேன். அடியில் யார் பார்த்தார்கள். அவர் வந்து ஓட்டிவிட்டு, "மச்சான், வண்டி இடது பக்கம் இழுக்குதே" என்றார். நான் ஒரு ரவுண்டு போய், ஸ்டியரிங்கை வலது பக்கம் பல்லைக் கடித்துப் பிடித்தபடியே வந்து இறங்கி, "நேராத்தான் போவுது மாமா, ஒங்க கைதான் கெழவனாயிடுச்சி" என்றேன். எல்லோரும் சிரித்தோம், அவரும்தான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. தன் கைதான் பலம் போய் இழுக்கிறது என்று நம்பிக் கார் சாவியை ஆணியில் மாட்டினார், பைக்கையும் விட்டார். டியூஷனுக்கு உன்னை ஏற்றிப்போக மாட்டேன் என்றதும், அப்பாவுக்கு என்னைப் புடிக்கல மாமா என்று என் டிவிஎஸ் பின்னால் உட்கார்ந்து அழுதாய். அவருக்கு உன்னைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயம். கைக்குப் பலம் வர ஒரு ரப்பர் பந்தைக் காலையில் அமுக்கிக்கொண்டேயிருப்பாரே, சாகும்வரை ஆறு வருஷம் அமுக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். லாரி லாரியாகப் பொய் இறக்கிய இந்த வாய்க்கு அந்த ஒரு நிஜம் மட்டும் வரவில்லை. நான்கு நாள் முன்பு காத்தவராயன் போனதும் உன் அம்மாவிடம் சொன்னேன். "அந்தக் கைக்குத் தெனம் எண்ணெ தேய்ச்சி உட்டனேடா" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

போனில் சொல்லியிருக்கலாம், உன் குரலைக் கேட்டால் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். என்னைக் கேட்டால் சிதம்பரம் சேசிஸை எடுக்கலாம். ஸ்டியரிங், சீட்டு, கியர்க் குமிழ் எல்லாம் அப்பா தொட்டவை, அப்படியே இருக்கும். இந்தச் சட்டம் அவர் தொட்டதில்லை கண்ணு, நான் தொட்டது. ஆனாலும் நீ சொல்லும்வரை பாடி சங்கிலியிலேயே தொங்கட்டும், ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். எனக்குப் போடாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்குப் போன் போடு. ஒன்றை மட்டும் மறக்காதே, உன் அப்பாவின் கைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

இப்படிக்கு,
பட்டம் ஏதும் இல்லாத உன் மாமா
தைரியராஜ்