உரோமாபுரி மரைக்காரின் வாசல்

என் மூத்த காக்கா,

இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் வாசல் கேற்றின் கொழுக்கிக்கு எண்ணெய் விட்டேன். விரலில் அந்த வாசம் இருக்கும்போதே நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். உங்கள் கேற்றுக்குக் கொழுக்கியே இருந்ததில்லை.

காலையில் நம் குடியினர் மூவர் வந்தார்கள். தாய்வழிக் குடி ஒவ்வொன்றுக்கும் பள்ளிவாசலில் அதற்காகப் பேச ஒரு மரைக்கார் இருப்பது நம் ஊர் வழக்கம் அல்லவா? நீங்கள் கண்மூடி மௌத்தாகி நாற்பது நாள் கழிந்தும் நீங்கள் இருந்த அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது. அதில் நான் இருக்க வேண்டுமாம். நாளைக்குள் முடிவு சொல்வதாக அனுப்பிவைத்தேன். பொழுதுபட்டு மஃரிபானால் கேற்றைக் கொழுவிவிடுகிறவன் நான். சொல்லாமல் வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நீங்கள் அறியாததல்ல.

வரலாறு படிப்பித்தவனின் பழக்கத்தில், ஒருநாள் உங்கள் விறாந்தையில் உரோமரின் பதவிப்பெயர் ஒன்றை விளக்கினேன். மரபுக் கணக்கின்படி கி.மு. 494இல் தோன்றிய பதவி. 'திரிபுஸ்' என்றால் குலம். அதிலிருந்து பிறந்தது 'திரிபூனுஸ்', குலத்துக்கு உரியவர். மேலோரின் முடிவுக்குக் குறுக்கே நின்று, எளியவருக்காகத் 'தடுக்கிறேன்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே கிடக்க வேண்டும்.

நீங்கள் சிரித்தீர்கள். "அப்ப உரோமாபுரியிலயும் மரைக்கார் இருந்திருக்காரு. வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி ஆரு ஊத்தின தம்பி? அத எழுதி வெச்சிருக்காங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப உங்கட வரலாறு அரைவாசிதான்."

உள்ளே மதினி கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

பள்ளிவாசல் காணியில் குடியிருந்த, தறி நெய்யும் விதவை ஒருத்தியை வெளியேற்றிவிடுவதென்று கூட்டத்தில் எல்லோரும் இசைந்தபோது, நீங்கள் எழுந்து நின்றதையும் கண்டவன் நான். குரல் உயரவில்லை.

"அந்தப் புள்ள எங்கட குடி. நான் இருக்கக்குள்ள அது ஏலாது."

இன்றும் அவள் அங்கேதான் இருக்கிறாள். கூட்டத்துக்கு முந்தின நாள் மஃரிபுக்குப் பின் அவள் உங்களிடம் வந்து அழுதிருந்தாள். கேற் கொழுவியிருந்தால் பேசாமல் திரும்பிப் போயிருப்பாள். அந்த நினைவுதான் இன்று முழுவதும் என்னை இருக்கவிடவில்லை.

ஆதலால், உரோமர் எழுதாமல் விட்ட ஆளிடம் முதலில் கேட்டேன். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றப்போகிறவள் என் மனைவிதானே. கேத்தலை அடுப்பில் வைத்தாள். பிறகு குசினிக்குள் இருந்தபடியே சொன்னாள்: "எண்ணெய் விட்டாச்சுதானே, லேசாக் கழரும். கழட்டிப் போடுங்க."

கழற்றிவிட்டேன் காக்கா. கொழுக்கி இந்தக் கடதாசியின் மேல் பாரமாக இருக்கிறது.

மஃரிப் தொழுதாயிற்று. யாரோ கேற்றைத் தள்ளுகிறார்கள். சொல்லாமல்தான் வந்திருக்கிறார்கள்.