ஐஸில் வைத்த ரத்தம்

சேசு மரி சூசை துணை
இராயபுரம், 11-4-1953

சிலுவையம்மாளுக்கு,

எட்டு வருஷத்துக்குப் பிறகு உன் புருஷன் எழுதுகிறேன். கிழிக்காமல் படி.

எட்டு மாதமாக முதுகு வலி. துறைமுகத்து மேஸ்திரி, "இன்னாபா அருளு, மூட்டையைக் கண்டா மட்டும் முதுவு நோவுதா?" என்று சிரிக்கிறான். ஆஸ்பத்திரியில் பார்த்தால், மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சுரப்பியில் புற்று. அது எலும்புக்குப் பரவியிருந்தால் ரத்தத்தில் ஆசிட் பாஸ்படேஸ் என்று ஒன்று ஏறுமாம். எடுத்த ரத்தத்தைச் சூடு படாமல் வைக்க வேண்டும். என்னுடையது மத்தியானம் வரை வராந்தா வெயிலில் கிடந்தது. கூலிக்காரன் ரத்தம்தானே. சூட்டில் அந்தப் பாஸ்படேஸ் செத்துப்போய் அளவு இரண்டு என்று வந்தது. பரவவில்லை, வேலைக்குப் போ என்றார்கள். மூன்று மாதம் அரிசி மூட்டை சுமந்தேன்.

சின்ன டாக்டர் ஒருவர் சந்தேகப்பட்டு மறுபடி எடுத்தார். மீன் விற்கும் தாவூது ஐஸ் கொண்டுவந்தான். ரத்தம் பிடித்த குழாயை அதில் புதைத்து டாக்டரே கையில் எடுத்துப் போனார். நாலுக்குள் இருக்க வேண்டியது முப்பத்தொன்று.

விதைக்கொட்டைகளை எடுத்துவிட்டால் வலி குறையுமாம். அதற்குப் பெண்டாட்டி கையெழுத்து வேண்டுமாம். காகிதம் இத்துடன் இருக்கிறது. உன்னிடம் இதைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

அருள்பிரகாசம்

*

எண்ணூர், 15-4-1953

இராயபுரத்தில் இருப்பவருக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மலடி என்று தெருவில் நிறுத்திச் சொன்னீர்கள். மூன்று ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துப் போனீர்கள். உங்களை ஒரு டாக்டரும் பார்க்கவில்லை. இன்று என் கையெழுத்து இல்லாமல் உங்கள்மேல் கத்தி வைக்க மாட்டார்கள். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ரத்தத்தை வெயிலில் வைத்தவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் வரமாட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு அளவு எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள்.

சிலுவையம்மாள்

*

இராயபுரம், 20-6-1953

சிலுவைக்கு,

ஐந்து.

குனிந்து செருப்பு மாட்ட முடிகிறது. நேற்று டோல்கேட் வரை நடந்தேன். எண்ணூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. நீ கூப்பிடவில்லையே.

அருள்

*

இராயபுரம், 24-10-1953

அன்புள்ள சிலுவைக்கு,

மழை பிடித்துக்கொண்டது. தாவூது வந்து ஓடு மாற்றிக் கொடுத்தான். "அண்ணி மிஷினு நனைஞ்சிகினு கீது, நவுத்து நைனா" என்றான். உன் தையல் மிஷின் அதே ஜன்னலோரம்தான். மாதாமாதம் எண்ணெய் போடுகிறேன். கப்பல் சங்கு ஊதினால் நீ காதைப் பொத்திக்கொள்வாய். இப்போது ஊதும்போதெல்லாம் உன் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் ரத்தம் பார்த்தார்கள். வஞ்சிரம் இந்த வருஷம் நிறைய. உனக்குப் பிடிக்கும். நான் நன்றாக இருக்கிறேன்.

உன் அருள்

*

எண்ணூர், 28-10-1953

உங்களுக்கு,

ஓடு, மிஷின், வஞ்சிரம் எல்லாம் எழுதினீர்கள். அளவை மட்டும் எழுதவில்லை. ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

தீப்பெட்டித் தொழிற்சாலையில் லீவு கேட்டேன். "புருஷன வுட்டு வந்தவளுக்கு இன்னா லீவு?" என்றான் சூப்பர்வைசர். அவன் லீவு தராவிட்டாலும் வருகிறேன். சனிக்கிழமை முதல் பஸ். அந்த முதுகோடு டோல்கேட்டுக்கு நடந்து வந்து நிற்க வேண்டாம்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அது வேறு. அடுத்த தடவை ரத்தம் பிடித்த குழாயை நான் கையில் எடுத்துப் போகிறேன். தாவூதிடம் ஐஸுக்குச் சொல்லி வையுங்கள்.

சிலுவை