காபிக்கு மட்டும் ஒரு மிஷின்

அக்கா,

மிக்ஸியின் சின்ன ஜார் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, அதைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்திருக்கிறேன். இன்று காலை விளக்கேற்றிவிட்டு வந்து அதை முகர்ந்து பார்த்தேன். வெயிலில் காய வைத்தாயிற்று, எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தாயிற்று, சாம்பல் தண்ணீரில் ஊற வைத்தாயிற்று. இன்னும் இருக்கிறது, நெத்திலிக் கருவாட்டு வாசனை. அதற்கு மேலே லேசாகக் காபி. குளிக்காமல் திருநீறு பூசிக்கொண்டு வந்தவன் பக்கத்தில் நிற்பது போல.

கீழே மேடையில் புது மிஷின் இருக்கிறது. காபிக் கொட்டை அரைக்கிற கைமிஷின். உங்கள் முதல் திவசத்துக்காக வாங்கியது. நீங்கள் ஆசைப்பட்டது உங்களுக்குத் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பாகம் பிரித்த பிறகும் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த கதவை நீங்கள் அடைக்க விடவில்லை. "அடைச்சிட்டா இவளுக்கு காபி எந்தப் பக்கமாடி குடுக்கிறது?" என்று கொத்தனாரிடமே கேட்டீர்கள். மதியத் தூக்கம் கலைந்ததும் அந்தக் கதவில் டம்ளரால் தட்டுவீர்கள். ஓரகத்திகள் என்றால் ஊரில் சண்டைதான் எதிர்பார்ப்பார்கள். நமக்குச் சண்டை வராததற்கு அந்தக் காபியும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். வாய் காபியில் இருந்தது.

பாகூரிலிருந்து பஸ் பிடித்து வில்லியனூருக்குப் போய், தேரடிப் பக்கத்துக் கடையில் கொட்டை வாங்கி, கண்ணெதிரே அரைத்துக்கொண்டு வருவீர்கள். கொஞ்சமாகத்தான் வாங்குவீர்கள். ஒருமுறை என்னையும் அழைத்துப் போனபோது, திரும்பி வருகிற பஸ்ஸில் பொட்டலத்தை மூக்கில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தீர்கள். "முன்னாடி அரைச்சவன் சிக்கரி பூரா நம்ம பொடில வந்து ஒக்காந்துகிச்சு பாரு. வூட்டுக்கே ஒரு மிஷினு வாங்கணும்டி. காபிக்கு மட்டும். வேற எதையும் அதுல போடக் கூடாது." நான் சிரித்தேன். ஒரு பொருளுக்கு ஒரே வேலை என்றால் என் வரவு செலவுக் கணக்கு ஒத்துக்கொள்ளாது. மிக்ஸி எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். அந்தக் கேள்வி பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரியும், நான் எட்டாவதோடு நின்றவள். பஞ்சாங்கம் பார்க்க, பதிகம் படிக்க, எந்தப் படையலுக்கு எந்த இலை, எது முதலில், எது கடைசி என்பதெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. ஊரில் யார் வீட்டுக் காரியம் என்றாலும் என்னைக் கேட்பார்கள். அதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தோடுதான் என் மருமகளை வீட்டுக்குள் எடுத்தேன். வினோதினி கடலோரத்து நல்லவாட்டுப் பெண், மீன் பிடிக்கிற வீடு. என் மகன் விரும்பிக் கட்டிக்கொண்டவள். நான் எதிர்க்கவில்லை. பின்கட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு, அதில் ஓர் அடுப்பு வைத்து, "மீனு, கருவாடு எல்லாம் இங்கம்மா, சாமி ரூம் பக்கத்துல வேணாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் சரி அத்த என்றாள். மகனுக்கு அவள் சமைத்துப் போடுகிற மீனை நானும் சாப்பிடுகிறவள்தான். சமைப்பதுதான் வெளியே இருக்க வேண்டும். நீங்கள் ஒருநாள் கொட்டகையை எட்டிப் பார்த்துவிட்டு, "மீன உள்ள உடுற, பொண்ண வெளிய ஒக்கார வெக்கிற. நல்லா இருக்குதுடி ஒன் ஆசாரம்" என்றீர்கள். நான் கோபித்துக்கொண்டு அன்று காபிக்கு வரவில்லை.

கந்த சஷ்டி வந்தபோது நீங்கள் படுக்கையில் இருந்தீர்கள். எது கொடுத்தாலும் நாக்கில் மண் போல இருக்கிறது என்று ஒதுக்கினீர்கள். நான் விரதத்தில் இருந்தேன். பாலும் பழமும்தான். விரதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தபோது என் கையைப் பிடித்து இழுத்து, "கருவாட்டுப் பொடி அரைச்சுக் குடுடி. சோறு எறங்கும்" என்றீர்கள். வினோ அரைத்துத் தருவாள் என்றேன். "ஒங் கைல வேணும்."

வினோவின் அம்மா அனுப்பியிருந்த நெத்திலி இருந்தது. "நீங்க விரதம் அத்த, நான் அரைக்கிறேன்" என்று அவள் கேட்கத்தான் செய்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். நானே வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து, சின்ன ஜாரில் அரைத்து, நடுக்கதவு வழியாக முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். நீங்கள் ஒரு உருண்டைச் சோற்றை அதில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சிரித்தீர்கள். "நான் யார்கிட்டடி சொல்லப் போறேன்? போற வழில முருகன் கேட்டா எம் பேரச் சொல்லிக்கிறேன், போ."

கார்த்திகை மழையில், பாகூர் ஏரி ததும்பிக்கொண்டிருந்தபோது, நீங்கள் போய்விட்டீர்கள்.

கருமாதி அன்று படையல் பொறுப்பு என்னுடையது. உங்கள் வீட்டுக்காரர், மாமா வந்து, "இந்தாம்மா, அவளுக்கு ஒரு காபி வெச்சிடு" என்றார். உங்கள் மகன் ஏற்காட்டிலிருந்து வாங்கிவந்த வறுத்த கொட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது. 'எழுந்து உக்காந்ததும் அரைச்சிக்கலாம்' என்று நீங்கள் தலைமாட்டில் வைத்துக்கொண்ட பொட்டலம். வில்லியனூருக்குப் போய்வர நேரமில்லை. நான் சின்ன ஜாரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொட்டையைப் போட்டேன். கொட்டை கெட்டியாக இருந்தது. விட்டு விட்டு ஓட்டாமல் ஒரேயடியாக ஓட்டினேன். ஜார் கையை வைக்க முடியாதபடி சுட்டது. பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் வந்தது. அந்த மாவு பில்டர் கண்ணை அடைத்துக்கொண்டு டிகாஷன் இறங்கவேயில்லை. தட்டித் தட்டி இறக்கினேன். ஜார் சூடானபோது மூடிக்குள் இருந்த ரப்பரும் சூடாகி, தனக்குள் வைத்திருந்ததை விட்டுவிட்டது. அழுது அழுது எனக்கு மூக்கு அடைத்திருந்தது. அதனால் தெரியவில்லை.

இலை போட்டு, காபி வைத்து, கற்பூரம் காட்டி, காக்கைக்கு வைத்தோம். காக்கை இறங்கி வந்து நேராக அந்தக் காபி வைத்த கிண்ணத்தில்தான் மூக்கை விட்டது. எல்லாரும் கண் கலங்கினார்கள். பிறகு படையல் காபியை ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தேன். திருக்கனூரிலிருந்து வந்திருந்த உங்கள் தங்கை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"இன்னா இது? காபில கருவாடு நாறுது?"

யாரோ சிரித்தார்கள். "அதான் காக்கா அப்பிடிப் பறந்து வந்துச்சு" என்று இன்னொரு குரல். உங்கள் தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள். வெற்றிலைத் தட்டோடு நின்ற வினோவை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லவாட்டுப் பொண்ணு பொழங்குற வூடு. வேற இன்னா வாசன வரும்? எங்கக்கா இலையிலயே வெச்சிட்டீங்களே!"

எல்லாரும் வினோவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். சஷ்டியில் கருவாடு அரைத்தவள் நான் என்று சொன்னால் என் விரதம் என்ன ஆவது, முறை தெரிந்தவள் என்ற பேர் என்ன ஆவது? நான் வாயைத் திறந்தேன். "ஜார மாத்தி எடுத்துட்டிருப்பாங்க" என்றேன்.

யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. வினோ தட்டை வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள். மாமா மட்டும் தன் டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கவிழ்த்து வைத்தார்.

அதன் பிறகு வினோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். தினமும் விளக்கேற்றுகிறேன், பதிகம் சொல்கிறேன், சாமியை நேராகப் பார்க்க மட்டும் முடியவில்லை. சாமி படத்தின் பாதத்தைப் பார்த்துக் கும்பிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

இந்தக் கார்த்திகையில் உங்கள் மகன் மறுபடியும் கொட்டை அனுப்பினான். மிஷின் வாங்கத் தவளக்குப்பம் கடைக்கு வினோதான் ஸ்கூட்டியில் அழைத்துப் போனாள். கடைக்காரர் முதலில் கரண்டில் ஓடுகிற சின்ன மிஷினைக் காட்டினார். "இதுல காபி மட்டும் இல்லம்மா, மௌகு, தனியா, ஏலக்கா எல்லாம் போடலாம். ஒண்ணு வாங்கினா நாலு வேல." முன்பிருந்த நானாக இருந்தால் அதையே வாங்கியிருப்பேன். வினோ போனில் பார்த்து வைத்திருந்தாள். "இது பிளேடு அத்த. மிக்ஸி மாதிரியே வெட்டிப் போடும். சூடும் ஆவும். அந்தக் கை மிஷின எடுக்கச் சொல்லுங்க." அது குழல் போல இருந்தது. உள்ளே பீங்கானில் இரண்டு பல்சக்கரம். நடுவில் கொட்டை விழுந்து நசுங்கி இறங்கும். அடியில் ஒரு திருகு. இறுக்கினால் நைசு, தளர்த்தினால் கொரகொரப்பு. பில்டருக்கு ரவைக்கும் மாவுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பெரிய கரண்டு மிஷினிலும் இதே பல்சக்கரம் உண்டாம், ஆனால் நம் வீட்டுக்கு ஓடுகிற நாலைந்து டம்ளருக்கு அது எதற்கு? நான் கணக்குப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்.

"எப்படிக் கழுவறது?" என்று கேட்டேன்.

"தண்ணியே படக் கூடாதும்மா. இந்தா, பிரஷு. தொடைச்சி வெச்சா போதும்."

கழுவாத பாத்திரத்தில் படையலா? கடைக்காரர் சிரித்தார். "காபிய மட்டும் போட்டா காபி வாசனதான வரும். கழுவறதுக்கு இன்னாம்மா இருக்குது? வேற எதுனா போட்டீங்களா?"

அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் என் வாய் தானாகச் சொன்னது. "போன வருசம் கருவாடு அரைச்ச ஜார்ல காபி அரைச்சிட்டேன். நான்தான் அரைச்சேன். ரெண்டும்."

வினோ போனிலிருந்து தலை தூக்கவில்லை. "இவருகிட்ட சொல்லி இன்னா அத்த பண்றது?" என்றாள்.

திரும்பி வருகிற வழி முழுக்க அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிஷின் பெட்டி என் மடியில் இருந்தது.

திவசத்தன்று விடிகாலையில் நானே கைப்பிடியைச் சுற்றினேன். தோள் வலித்தது. பொடி விரலில் நெறுநெறுவென்று, சூடே இல்லாமல் வந்தது. டிகாஷன் தட்டாமலே இறங்கியது. படையல் போட்டோம், கற்பூரம் காட்டினோம். காபியை ஊற்றப் போனபோது உங்கள் தங்கை, "இந்த வாட்டி பொண்ண அடுப்பாண்ட உடல இல்ல?" என்றாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "போன வாட்டியும் அவ தொடல. சஷ்டில அக்கா கேட்டாங்கன்னு கருவாடு அரைச்சது நானு. அந்த ஜார்லயே காபி அரைச்சதும் நானு. ஜார மாத்திட்டாங்கன்னு பழிய அவ மேல தள்ளினதும் நான்தான்."

உங்கள் தங்கைதான் கேட்டாள்: "ஒரு வருசமா வாய்ல இன்னா வெச்சிருந்த?"

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும்மா. அவளுக்கு நீ அரைச்ச பொடில பாதிய நான்தான் தின்னேன். குடிக்கும்போதே தெரிஞ்சிது. நீயா சொல்லுவன்னு பாத்தேன்." பிறகு காபியை எடுத்துக் குடித்தார். "இது நல்லாதான் இருக்குது" என்றார். அன்றைய காபியை அவர் ஏன் மிச்சம் வைக்காமல் குடித்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதில் உங்கள் கடைசிச் சோற்றின் வாசனை இருந்தது. ஒரு வருடம் எனக்காகக் காத்திருந்த மனிதர் முன்னால் நிற்க முடியாமல் உள்ளே போனேன்.

நேற்று வினோவிடம், இனிமேல் மீனை உள்ளேயே சமைம்மா, கொட்டகை வேண்டாம் என்றேன். அவள் வாளியை இறக்கி வைத்துவிட்டு, "பழகிடுச்சி அத்த. இங்கதான் காத்து வருது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மதியம் கொட்டை அரைத்து, இரண்டு டம்ளர் காபியோடு கொட்டகைக்குப் போனேன். அவள் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். மணையை இழுத்துப் போட்டு அடுப்பின் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். டம்ளரை வாங்கியவள் குடிப்பதற்கு முன்னால் ஒருமுறை முகர்ந்து பார்த்தாள்.

"இதுல வரல அத்த" என்றாள். பிறகு சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இனி மதியத்தில் அங்கேதான் குடிப்பதாக இருக்கிறேன். புது மிஷினைக் காபிக்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன், நீங்கள் சொன்னபடி. பிரஷால் துடைக்கிறேன், தண்ணீர் காட்டுவதில்லை. ரப்பர் வளையம் ஜன்னலிலேயே இருக்கட்டும். சாமி ரூமுக்குப் போகிற வழியில் அது என் மூக்குக்கு நேராக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் விளக்கேற்றப் போகிறேன்.